மறு: பாக்ஸ் ஸ்கோர் – தமிழில் என்ன வைக்கலாம்?

> பெட்டிப்புள்ளி, ஆட்ட அட்டை, புள்ளிவிவரப் பட்டியல். மூன்றில் எது சரி?

அன்பர்களே,

பேஸ்பால் ஆட்டம் முடிந்த பின் ஒவ்வொரு வீரரும் என்ன செய்தார் என்று எண்களில் தொகுத்துத் தரும் அட்டவணைதான் பாக்ஸ் ஸ்கோர். அதற்குச் சொன்ன மூன்றும் எனக்கு ஒட்டவில்லை. 'ஆட்டக்கணக்கு' என்பது என் கட்சி.

பெட்டியை விட்டுவிடலாம். நம் பத்திரிகைகளில் பெட்டிச் செய்தி உண்டு என்பதால் மனம் அந்தப் பக்கம் போகிறது. ஆனால் கைப்பேசியில் பேஸ்பால் பார்க்கிறவருக்குப் பெட்டி எங்கே இருக்கிறது?

அட்டை வேறு பொருளுக்கு வேண்டும். ஆட்டம் நடக்கும்போதே ஒவ்வொரு பேட்டருக்கும் என்ன ஆனது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வரும் தாள் ஒன்று இருக்கிறது. பார்வையாளர்கள் கூட மடியில் வைத்துக்கொண்டு எழுதுவார்கள். அதில் களத்தில் நிற்பவர்களை எண்ணால் குறிப்பார்கள். 6-3 என்றால், ஷார்ட்ஸ்டாப் என்ற களவீரர் (எண் 6) பந்தைப் பொறுக்கி, முதல் பேஸில், அதாவது ஓட்டத்துக்காகத் தொட வேண்டிய முதல் நிலையில், நிற்பவருக்கு (எண் 3) எறிந்து ஆளை அவுட்டாக்கினார் என்று பொருள். அதுதான் அட்டை. அதிலிருந்து வடித்தெடுத்து, ஆட்டம் முடிந்த பின் தொகுப்பதுதான் நாம் பேசும் பொருள்.

அடுத்து பட்டியல். பட்டியலில் எதை வேண்டுமானாலும் அடுக்கலாம், ஒன்றோடொன்று பொருந்த வேண்டியதில்லை. இது அப்படி இல்லை. பேட் பிடிக்க வந்த ஒவ்வொருவருக்கும் மூன்றே முடிவுகள்: ஓட்டம் எடுத்திருப்பார், அவுட் ஆகியிருப்பார், அல்லது பேஸில் நின்றபடியே இன்னிங்ஸ் முடிந்திருக்கும். ஆகவே வந்தவர்களின் கூட்டுத்தொகையும் இந்த மூன்றின் கூட்டுத்தொகையும் சமமாக இருந்தே தீர வேண்டும். இப்படிச் சரிபார்ப்பது பேஸ்பால் விதிப்புத்தகத்திலேயே உள்ள முறை. 1956 அக்டோபர் 8, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம்: யாங்கீஸ் அணியின் பிட்ச்சர் (பந்து எறிபவர்) டான் லார்சன் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஒருவரையும் பேஸ் ஏற விடவில்லை. டாட்ஜர்ஸ் பக்கம் வந்தவர்கள் 27. ஓட்டம் 0, பேஸில் மிச்சம் 0, அவுட் 27. ஐந்தொகை போலக் கச்சிதமாக நேராகிவிடுகிறது. இடித்தால் எங்கோ எழுதியவர் கோட்டை விட்டிருக்கிறார் என்று அர்த்தம். இதைக் கணக்கு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

> கிரிக்கெட்டுக்கு ஸ்கோர்கார்டு என்றே எழுதுகிறோம். இதற்கு மட்டும் தனிச்சொல் எதற்கு?

ஐயா, உறவு உண்மைதான். இந்த அட்டவணையை வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக் 1824-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதியவர். பேட்டர் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்டாகும் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு இன்றும் போடும் 'கே' எழுத்து அவர் வைத்ததுதான். ஆனால் பிள்ளை அப்பாவைப் போல இல்லை. கிரிக்கெட் ஸ்கோர்கார்டில் யார் பிடித்தார், யார் வீசினார் என்று இருக்கும். கேட்ச் விட்டவர் பெயர் இருக்காது. இங்கே களத்தில் தவறியவருக்கும் இடம் உண்டு. பேட்டர் பேஸ் ஏறியது தன் அடியாலா (ஹிட்), களத்தில் நின்றவர் தவறாலா (எரர்) என்று தீர்ப்பதற்கென்றே ஒரு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். அவரை 'ஆட்டக்கணக்கர்' என்று சொல்லிவிடலாம், அடுத்த சொல்லும் கையோடு கிடைத்துவிடுகிறது.

> கணக்கு என்றால் பயனர் கணக்கு என்று நினைக்க மாட்டார்களா?

'ஆட்ட' முன்னால் நிற்கும்போது நினைக்க மாட்டார்கள். வங்கிக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லையே.

அப்புறம், இன்னிங்ஸ் வாரியாக ஓட்டங்களை மட்டும் காட்டும் ஒற்றை வரி இருக்கிறதல்லவா, லார்சன் ஆட்டத்தில் யாங்கீஸுக்கு 000 101 00x என்று இருப்பது? கடைசி x, ஒன்பதாவதில் அவர்கள் பேட் பிடிக்கத் தேவையே வரவில்லை என்பதற்கு. அதற்கு 'இன்னிங்ஸ் வரி' போதும், பெரிதாக யோசிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: பிட்ச்சர் வரிசையில் அவர் எறிந்த இன்னிங்ஸ் 6.1 என்று வந்தால் தசமம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆறு இன்னிங்ஸும் அடுத்ததில் ஒரு அவுட்டும் என்று பொருள், ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் 6.2-க்குப் பிறகு 7தான். அகராதிப் பதிவில் இதற்கு ஒரு வரி விளக்கம் கட்டாயம் வேண்டும்.

எனக்கு இன்னும் திருப்தி இல்லாதது எரர் மட்டும்தான். 'களப்பிழை' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.