சுடோகு: ஊகிக்காமல் முடிக்க வழி உண்டா?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)
வணக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். வாரக் கடைசியில் ஒரு சுடோகுவும் கொடுப்பதுண்டு. இந்த வாரப் புதிரில், வரக்கூடிய எண்களை எல்லாக் கட்டங்களிலும் பென்சிலால் குறித்த பிறகும் மேற்கொண்டு நகர முடியவில்லை. நட்டநடுக் கட்டத்தில் 2 அல்லது 7. அதே நிரையின் (கிடைவரிசை) முதல் கட்டத்தில் 2 அல்லது 4. அதே நிரலின் (செங்குத்து வரிசை) உச்சிக் கட்டத்தில் 4 அல்லது 7. இடப்பக்க மேல் மூலையில் 4 அல்லது 9. ஒன்றைப் போட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் அழிப்பதுதான் வழியா? காரணம் சொல்ல முடியாத விடையைப் பிள்ளைகள் முன் எழுத எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)
ஊகம் தேவையில்லை. சுடோகுவில் ஒரே நிரையிலோ நிரலிலோ ஓர் எண் இருமுறை வராது அல்லவா? நடுக்கட்டம் 2 என்றால் அந்த நிரையின் முதல் கட்டம் 4 ஆகும். 7 என்றால் அந்த நிரலின் உச்சிக் கட்டம் 4 ஆகும். எப்படியும் இவ்விரண்டில் ஒன்றாவது 4. மூலைக் கட்டம் முதலாவதோடு ஒரே நிரலிலும் மற்றதோடு ஒரே நிரையிலும் இருப்பதால் அங்கே 4 வரவே முடியாது. 9ஐ உறுதியாக எழுதலாம். நடுக்கட்டம் 2ஆ 7ஆ என்பது இப்போது தெரிய வேண்டியதில்லை. இந்த அமைப்பை எக்ஸ்ஒய்-விங் என்பார்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. ஆனால், 'என்றால்' என்று வைத்துப் பார்ப்பதும் ஊகம்தானே என்று ஒரு மாணவி கேட்கிறாள்.

மறுமொழி (கடலூர் முதுநகர்)
நல்ல கேள்வி. ஒன்றை மட்டும் தேர்ந்து, அதை நம்பி மேலே போவது ஊகம். இரண்டையும் எடுத்து, இரண்டிலும் மாறாமல் வருவதை மட்டும் ஏற்பது நிரூபணம். அடுத்தடுத்த இரு எண்களின் பெருக்கற்பலன் இரட்டை எண் என்பதை, முதல் எண் ஒற்றையானாலும் இரட்டையானாலும் எனப் பிரித்துக் காட்டுவோமே, அதே முறைதான்.

விடை ஒன்றே ஒன்று உள்ள எந்தச் சுடோகுவையும் இவ்வாறு முடிக்கலாம், ஏனெனில் ஒரு கட்டத்தில் விடையல்லாத எண் ஒவ்வொன்றும் எங்காவது முரண்பாட்டில் போய் முடிந்தே தீரும். மிகக் கடினமான புதிர்களில் அந்த 'என்றால்' சங்கிலி தாளில் எழுதி மாளாத அளவுக்கு நீளலாம் என்பதையும் மாணவியிடம் மறைக்க வேண்டாம். விடை இரண்டு இருந்தால் மட்டும் தர்க்கம் கைகொடுக்காது. கொடுத்த எண்கள் 17க்குக் குறைந்தால் ஒரே விடை அமையாது என்பதை 2012இல் டப்ளினில் கணிதவியலாளர் கேரி மெக்வயர் குழுவினர் கணினியால் நிறுவினர். 17க்கு மேல் இருந்தாலும் ஒரே விடைக்கு உறுதியில்லை. எனவே, மேற்கொண்டு எங்காவது நின்றுவிட்டால், தாளில் எந்த எண்ணாவது விடுபட்டிருக்கிறதா என்று மூலப் புதிரோடு முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.