ரெக்கார்ட் பண்ற பாக்ஸுக்கு மாறலாமா? அப்பாவுக்கு விடிகாலை பந்து, அம்மாவுக்கு நாடகம்

ஜெலுத்தோங் தங்கச்சி:
வணக்கம் எல்லாருக்கும், அவசரமா ஒரு யோசனை வேணும். பினாங்கு ஜெலுத்தோங்ல 14வது மாடி பிளாட், அப்பா அம்மா நான் மூணு பேர். நான் பாயான் லெப்பாஸ்ல பேக்டரில ஷிப்ட் வேலை. வீட்ல அஸ்ட்ரோ (டிஷ் வச்சு மாச சந்தா கட்டி பாக்குற மலேசிய டிவி) இருக்கு, ஆனா பழைய எச்டி பாக்ஸ், ரெக்கார்ட் பண்ற வசதி இல்ல. அப்பா ஐரோப்பா சாம்பியன்ஸ் லீக் கால்பந்துக்காக விடிகாலை 3 மணிக்கு எழுந்து உக்காந்துடுறாரு, ஐரோப்பாவுல குளிர்காலம்னா இங்க 4 மணி, அவருக்கு பிரஷர் இருக்கு, டாக்டர் தூக்கத்த கெடுக்காதீங்கன்னு சொல்லிட்டாரு. அம்மா சாயந்திரம் கோயிலுக்கு போய்ட்டு வர்றதுக்குள்ள நாடகம் முடிஞ்சிடுது. ரெக்கார்ட் பண்ற பாக்ஸுக்கு மாறுனா மாசா மாசம் கூட காசு, 24 மாச காண்ட்ராக்ட் வேற. அதான் தம்பி 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி டிவி பின்னால யுஎஸ்பில சொருகிட்டு போனான், அதுல அரசாங்க சேனல் டிவி2 மட்டும்தான் ரெக்கார்ட் ஆகுது, அஸ்ட்ரோ சேனல் எதுவும் ஆகல. டிவி2 தமிழ் செய்தி கூட சில நாள் பதிவாகுது சில நாள் ஒண்ணுமே இல்ல. டிஸ்க் கெட்டு போச்சா? பேசாம காசு கட்டி மாறிடலாமா?

செந்தூல் அண்ணன்:
தங்கச்சி, டிஸ்க் மேல தப்பு இல்ல. டிவியில இருக்குற ரெக்கார்டிங் டிவியோட சொந்த டியூனர்ல (சேனல் பிடிக்கிற பாகம்) வர்றத மட்டும்தான் எடுக்கும். 2019ல பழைய அனலாக்க நிறுத்தினப்புறம் டிவி2 எல்லாம் ஏரியல் வழியா டிஜிட்டலா வருது, அது டிவிக்குள்ளயே போகுது, அதனால பதிவாகுது. அஸ்ட்ரோ பாக்ஸ்லருந்து எச்டிஎம்ஐ வயர்ல வர்றது டிவிக்கு வெறும் படம்தான், அத பதிவு பண்ண விடாம பூட்டு போட்டுதான் அனுப்புவாங்க. எந்த டிஸ்க் வாங்கினாலும் இதேதான். இன்னொன்னு, அந்த டிஸ்க்க கழட்டி அக்கா வீட்டு டிவில போட்டு பாக்கலாம்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் பதிவு பண்ண டிவில மட்டும்தான் ஓடும்.

சில நாள் ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே, ராத்திரி யாராவது சுவிட்ச அடைக்கிறாங்களா?

ஜெலுத்தோங் தங்கச்சி:
அண்ணே!! அம்மா வீட்ட பூட்டிட்டு கெளம்பும்போது டிவி சுவிட்ச் எல்லாம் சுவத்துல அடைச்சிடுவாங்க. இடி வந்தா பிளக்கையே பிடுங்கிடுவாங்க.

செந்தூல் அண்ணன்:
அதேதான். ரிமோட்ல அடைச்சா டிவி தூங்குது, நேரம் வந்ததும் தானா முழிச்சு பதிவு பண்ணும். சுவத்துல அடைச்சா செத்த மாதிரி, எப்படி முழிக்கும்? நீங்க கேக்குற பாக்ஸுக்கும் இது பொருந்தும், காசு கட்டி மாறிட்டு அம்மா சுவிட்ச அடைச்சா அப்பாவோட பந்தும் போச்சு. ஆனா இடிக்கு பிடுங்குறத தடுக்காதீங்க, நம்ம ஊர் இடி அப்படி, எங்க வீட்ல ஒரு மோடமும் டிவியும் ஒரே நாள்ல போயிருக்கு. திடீர்னு ஏறுற கரண்ட தடுக்குற சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு போடுங்க, பெரிய இடின்னா அன்னிக்கு ரெக்கார்டிங் போனா போகட்டும்.

பட்டர்வொர்த் மாமா:
அம்மா ஜெலுத்தோங், நான் வயரிங் வேலை பாத்தவன், ஒண்ணு கேளு. பிளாட்ல உங்களுக்கு தனி டிஷ்ஷா, இல்ல மொட்டை மாடில எல்லாருக்கும் பொதுவா ஒண்ணா? டிஸ்க் உள்ள பாக்ஸ்ல ஒரு சேனல் பாத்துக்கிட்டே இன்னொன்ன பதிவு பண்ணணும்னா பல பாக்ஸுக்கு டிஷ்லருந்து ரெண்டு கேபிள் வேணும். பொது டிஷ்னா வீட்டுக்கு ஒரே ஒரு பாயிண்ட்தான் இருக்கும், மேனேஜ்மென்ட் ஆபிஸ்ல அனுமதி வாங்காம இழுக்க முடியாது. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இத கேளு, பாக்ஸ் வந்தப்புறம் கேட்டா தலவலி.

கிளவுட் ரெக்கார்டிங்னா கத வேற, பதிவு வீட்டு பாக்ஸ்ல இல்ல, கம்பெனி பக்கத்துல ஆகுது, நாம நெட்ல எடுத்து பாக்குறோம், மழையில டிஷ் சிக்னல் போனாலும் பதிவு போகாது. நம்ம டிஷ் வாங்குற கேயு பேண்ட் அலை கனத்த மழைல தாங்காது, அதனாலதான் மழை வந்ததும் படம் நிக்குது, அந்த நேரம் வீட்டு டிஸ்க்ல வெறும் கறுப்புதான் பதிவாகும். ஆனா கிளவுட் பாக்க வீட்ல நெட் நல்லா இருக்கணும், எச்டிக்கு நெட் வேகம் 8 எம்பிபிஎஸ்ஸாவது (நொடிக்கு 8 மெகாபிட்) தொடர்ந்து வரணும்.

செந்தூல் அண்ணன்:
மாமா சொன்னது ரொம்ப சரி. வீட்டு டிஸ்க் எடுத்தா இடம் பத்தி கவலப்படாதீங்க, எச்டி ஒரு மணி நேரம் சுமார் 3லருந்து 4 ஜிபி, 500 ஜிபில 120 மணிக்கு மேல வரும், பாத்தத அழிச்சாலே போதும். பாக்ஸ மூடின அலமாரில வைக்காதீங்க, சூட்ல டிஸ்க் சீக்கிரம் போயிடும். அப்புறம் பந்துக்கு முடியிற நேரத்த ஒரு மணி நேரம் கூட்டி வைங்க. நாக்அவுட்ல எக்ஸ்ட்ரா டைம் 30 நிமிஷம், அப்புறம் பெனால்டி, பட்டியல்ல இருக்குற நேரத்தோட நின்னுட்டா அப்பா பெனால்டிக்கு முன்னால ஸ்கிரீன பாத்து கத்துவாரு. ஐபிஎல்லும் அப்படித்தான், அங்க ராத்திரி 7:30 இங்க 10 மணி, முடியிறப்ப விடிகாலை ஒன்றரை ரெண்டு மணி ஆயிடும்.

புக்கிட் மெர்தாஜாம் அக்கா:
தங்கச்சி நாடகத்துக்காக மட்டும் காசு கட்டாதம்மா. எங்க அத்தைக்கு 70 வயசு, ரெக்கார்ட் மெனுக்குள்ள போய் தேடவே வராது, கடைசில நான்தான் போன் ஆப்ல பழைய எபிசோட எடுத்து டிவில போட்டு குடுக்குறேன். நிறைய நாடகம் ஆன் டிமாண்ட்லயே (வேணுங்கிறப்ப எடுத்து பாக்குற வசதி) இருக்கு, சந்தாவுலயே வருதான்னு மொதல்ல பாரு. பந்துதான் உண்மையான காரணம், ஸ்கோர் தெரிஞ்சிட்டா அப்பாவுக்கு பாக்க மனசு வராதுல்ல. காலைல போன்ல வாட்ஸ்அப் பாக்காம இருக்க சொல்லு, அதுக்கு எந்த பாக்ஸும் வழி பண்ணாது.

ஜெலுத்தோங் தங்கச்சி:
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு சொல்றேன். டிவி சுவிட்சுல "இடி வந்தா மட்டும் அடைக்கவும்"னு எழுதி ஒட்டுனேன், டிவி2 செய்தி ஒரு நாள்கூட தவறல, தம்பி டிஸ்க் அதுக்கு போதும். அம்மாவோட நாடகம் ஆன் டிமாண்ட்ல இருக்கு, எனக்குதான் தெரியல, ரிமோட்ல எந்த பட்டன்னு ஸ்டிக்கர் ஒட்டி குடுத்தேன், இப்ப அவங்களே போட்டுக்குறாங்க. மேனேஜ்மென்ட்ல கேட்டேன், பொது டிஷ்தான், பாயிண்ட் ஒண்ணுதான். அதனால டிஸ்க் பாக்ஸ் வேணாம், கிளவுட் உள்ள பாக்ஸுக்கு மாறுறேன், நெட் ராத்திரில 40 எம்பிபிஎஸ் வருது. அப்பாவோட ராத்திரி தூக்கத்துக்கு அந்த காசு எனக்கு பெருசில்ல. மாமா, பாக்ஸ் மாத்த வர்ற அன்னிக்கு நான் வீட்ல இருந்து வேற என்ன பாக்கணும்?

பட்டர்வொர்த் மாமா:
மழை இல்லாத நேரத்துல சிக்னல் எவ்வளவு காட்டுதுன்னு செட்டிங்ஸ்ல பாத்து போட்டோ எடுத்து வச்சுக்கோ. பாக்ஸ் மாத்த வந்தவர் போறதுக்கு முன்னாடி உன் கண் முன்னால ஒரு 5 நிமிஷம் பதிவு பண்ணி திரும்ப ஓட்டி காட்ட சொல்லு. அப்பாவையும் பக்கத்துல உக்கார வை.