இதழுக்கு அனுப்பும் முன் முன்னச்சாக வெளியிடலாமா?

கேள்வி: ஆய்வகத்து மாணவி

அனைவருக்கும் வணக்கம். நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். மருத்துவமனைக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுத்த கிளெப்சியெல்லா பாக்டீரியாக்களில் கார்பபெனெம் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரை, ஓர் ஆய்விதழில் ஏழு மாதம் கிடந்து, மதிப்பாய்வாளர் ஒருவரின் ஐந்து வரிக் கருத்தோடு திரும்பி வந்துவிட்டது. இதற்கிடையே வேறொரு நாட்டுக் குழு ஏறத்தாழ இதே முறையில் செய்த ஆய்வை, உயிரியல் முன்னச்சுகளை (மதிப்பாய்வுக்கு முன்பே எவரும் படிக்க இணையத்தில் வைக்கும் கட்டுரைகளை) வெளியிடும் பயோஆர்கைவ் தளத்தில் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அடுத்த இதழுக்கு அனுப்பும்போதே நாமும் அங்கே முன்னச்சாக ஏற்றிவிடலாம் என்று நெறியாளரிடம் கேட்டேன். "அச்சேறாததை வெளியே வைத்தால் எவராவது எடுத்துக்கொள்வார்கள், பிறகு எந்த இதழும் தொடாது" என்கிறார். அவர் சொல்வது இன்றும் பொருந்துமா? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: பழைய பிப்பெட்

உங்கள் நெறியாளரின் அச்சத்தைப் பழமை என்று ஒதுக்கிவிட முடியாது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழின் ஆசிரியராக இருந்த ஃபிரான்ஸ் இங்கெல்ஃபிங்கர், வேறெங்கும் வெளிவந்த முடிவுகளை ஏற்பதில்லை என்று 1969இல் வகுத்த விதி, அவர் பெயராலேயே வழங்கி, பிற இதழ்களுக்கும் பரவியது. அதற்கு முன்பே, 1961இல், அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் உயிரியல் கையெழுத்துப்படிகளைப் படியெடுத்துத் தபாலில் சுற்றுக்கு விட்டுப் பார்த்தது. இதழ்கள் எதிர்க்கவே அந்த முயற்சி 1967இல் நின்றுபோனது. இயற்பியலாளர்கள் 1991 முதல் ஆர்கைவ் என்ற முன்னச்சுத் தளத்தில் தாராளமாகப் பகிர்ந்துகொண்டிருக்க, நம் துறையில் அந்தப் பழக்கம் வேரூன்றியது 2013 நவம்பரில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் பயோஆர்கைவைத் தொடங்கிய பிறகுதான்.

இன்று நிலைமை வேறு. நேச்சர், சயின்ஸ், பிளாஸ் போன்ற இதழ்கள் முன்னச்சாக வந்த கட்டுரைகளை ஏற்கின்றன. ஈலைஃப் ஒருபடி மேலே போய், முன்னச்சாக வெளியானவற்றை மட்டுமே மதிப்பாய்வுக்கு எடுக்கிறது. என்ஐஎச் 2017 முதல் நிதி விண்ணப்பங்களில் முன்னச்சை மேற்கோள் காட்ட அனுமதிக்கிறது. இருந்தாலும் நீங்கள் அனுப்பப்போகும் இதழின் விதிப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். சிறிய சங்க இதழ்கள் சிலவற்றில் பழைய வாசகம் அப்படியே கிடக்கலாம்.

திருட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏழு மாதம் உங்கள் கட்டுரை முகம் தெரியாத மதிப்பாய்வாளரின் மேசையில் இருந்தது. அதை முதலில் செய்தவர் நீங்கள் என்பதற்கு வெளியுலகில் எந்தச் சான்றும் இல்லை. முன்னச்சுக்கோ தேதியும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கிடைக்கின்றன. இரண்டில் எது பாதுகாப்பு என்று நெறியாளரிடமே கேட்டுப் பாருங்கள், சற்றுப் பணிவாக. அந்த வெளிநாட்டுக் குழுவின் முன்னச்சையும் மறைக்காமல் மேற்கோள் காட்டி, உங்கள் முடிவு எங்கே வேறுபடுகிறது என்பதை எழுதுங்கள்.

பதில் 2: அரசு மருத்துவர்

மேலே எழுதிய நண்பர் ஆய்வாளரின் பக்கம் நின்று பேசுகிறார்; மருந்துச்சீட்டு எழுதுபவனின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். 2020 ஜனவரி 31 அன்று, புதிய கொரோனா வைரஸின் புரதத்தில் எச்ஐவியை ஒத்த துண்டுகள் இருப்பதாகக் கூறும் முன்னச்சு ஒன்று டெல்லி ஆய்வாளர்களிடமிருந்து பயோஆர்கைவில் வந்தது. அந்த ஒற்றுமை தற்செயலானது, வேறு பல உயிரிகளிலும் காணக்கூடியது என்று பிற ஆய்வாளர்கள் உடனே சுட்டிக்காட்ட, பிப்ரவரி 2 அன்று எழுதியவர்களே அதைத் திரும்பப் பெற்றனர். இரண்டே நாளில் பிழை வெளிப்பட்டதை முன்னச்சு முறையின் வெற்றி என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் அது செயற்கையாக உருவாக்கிய வைரஸ் என்ற வதந்தி அத்தோடு நிற்கவில்லை; மறுப்பு அதே வேகத்தில் ஓடவில்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததைக் காட்டிய பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, 2020 ஜூன் 22 அன்று மருத்துவ ஆய்வுகளுக்கான முன்னச்சுத் தளமான மெட்ஆர்கைவில் வந்தது. இதழில் வந்தது ஜூலை 17. இடையிலிருந்த இருபத்தைந்து நாளின் மதிப்பு என்ன என்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவர்களுக்குத் தெரியும். சக மதிப்பாய்வு முடிந்து லான்செட்டில் மே 22 அன்று வந்த, ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைப் பற்றிய கட்டுரை, தரவைச் சரிபார்க்க வழியில்லாமல் ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டதும் அதே கோடையில்தான். எனவே முத்திரையைப் பார்த்து நம்பாதீர்கள். பயோஆர்கைவ் பிடிஎஃப்பின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இது சக மதிப்பாய்வு பெறாதது என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். செய்தித்தாளுக்கு வந்து சேரும்போது முதலில் காணாமல் போவது அந்த வரிதான்.

பதில் 3: பழைய பிப்பெட்

மருத்துவர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். அதனால்தான் மெட்ஆர்கைவ் 2019இல் தனியாகத் தொடங்கப்பட்டபோது நெறிக்குழு ஒப்புதல் உள்ளிட்ட கூடுதல் விவரங்களைக் கேட்டது. அங்கும் நடப்பது மேலோட்டமான வடிகட்டல்தான்; ஆய்வு சரியா தவறா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை.

தங்கைக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஏற்றிய முன்னச்சைத் துடைத்தெறிய முடியாது. திரும்பப் பெற்றாலும் அறிவிப்போடு பழைய வடிவம் அங்கேயே இருக்கும். ஆகவே கூட்டாசிரியர் அனைவரின் ஒப்புதலும் எழுத்தில் கைக்கு வந்த பிறகு ஏற்றுங்கள். புதிய கண்டறி முறைக்குக் காப்புரிமை எண்ணம் இருந்தால் விண்ணப்பத்தை முதலில் போடுங்கள். முன்னச்சும் பொதுவெளியீடுதான், பிறகு புதுமை போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு பயோஆர்கைவ் எடுத்துக்கொள்ளாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: ஆய்வகத்து மாணவி

இருவருக்கும் நன்றி. நெறியாளரிடம் இந்த இழையை அச்செடுத்தே கொடுத்தேன். காப்புரிமைக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. ஆனால் கூட்டாசிரியர் ஒப்புதலுக்காகக் கட்டுரையை மீண்டும் படித்தபோதுதான், முதல் அட்டவணையில் மருத்துவமனையின் பெயர் முழுதாக இருப்பதை அவர் கவனித்தார். "இது இப்படியே வெளியே போனால் நாளைக்கு எந்த மருத்துவமனையும் நமக்குக் கழிவுநீர் மாதிரி தராது" என்று சிரித்தார். பெயர்களுக்குப் பதில் குறியீடுகள் போட்டுக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஏற்றச் சம்மதித்திருக்கிறார்.