மெக்ஹென்றி கோட்டையில் கேட்ட ஒரு பெயர்

அமெரிக்காவின் பால்டிமோர் பக்கம் போகிறவர்கள் மெக்ஹென்றி கோட்டையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். நான் போன அன்று பூங்கா ஊழியர் ஒருவர், வந்தவர்களையெல்லாம் புல்தரையில் இரண்டு வரிசையாக நிற்கவைத்து, 1814-இல் அங்கே பறந்த அமெரிக்கக் கொடியின் அதே அளவுப் பிரதியைக் கையில் கொடுத்து விரிக்கச் சொன்னார். 42 அடி நீளம், 30 அடி அகலம். விரிக்க விரிக்க வந்துகொண்டே இருக்கிறது, ஒரு நட்சத்திரமே இரண்டடி! அசலைத் தைத்தவர் மேரி பிக்கர்ஸ்கில், கூடவே மகளும் உறவுக்காரப் பெண்களும், அப்புறம் அந்த வீட்டில் ஒப்பந்த வேலையில் இருந்த கிரேஸ் விஷர் என்ற கறுப்பினச் சிறுமியும்.

1812-இல் தொடங்கிய அமெரிக்க-பிரிட்டிஷ் போரில் இங்கே நடந்த சண்டையின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். வாஷிங்டனை எரித்த மூன்றே வாரத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் இங்கே வந்து, கோட்டைப் பீரங்கி எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு செப்டம்பர் 13 காலையிலிருந்து 25 மணி நேரம் குண்டு வீசின. கோட்டைத் தளபதி மேஜர் ஆர்மிஸ்டெட்டும் சுமார் 1,000 பேரும் பெரும்பாலான நேரம் திருப்பி அடிக்க வழியில்லாமல் தாங்கிக்கொண்டு இருந்தார்கள். வெடிமருந்துக் கிடங்கின் மேலேயே ஒரு குண்டு விழுந்தது. நல்லவேளை, வெடிக்கவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது வில்லியம் வில்லியம்ஸ் என்ற சிப்பாயின் கதைதான். மேரிலாந்தில் பெஞ்சமின் ஓடன் என்பவரிடம் அடிமையாக இருந்து, அந்த வருடம்தான் தப்பி ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்கப் படையின் 38-ஆவது காலாட்படையில் சேர்ந்தவர். அடிமையைப் படையில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை, சேர்த்துக்கொண்ட அதிகாரி எதையும் துருவிக் கேட்கவில்லை போலிருக்கிறது. இந்தக் குண்டுவீச்சில் அவருக்குக் கால் போயிற்று, இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். படையில் சேர்ந்ததற்காகச் சிப்பாய்க்குச் சேரவேண்டிய நிலத்தைப் பின்னாளில் ஓடன் தனக்கென்று கேட்டாராம்! நல்லவேளை, கொடுக்கவில்லை.

அதே வருடம் ஏப்ரலில் பிரிட்டிஷ் தளபதி காக்ரேன், அடிமைகளை மனதில் வைத்து, தங்கள் கப்பலேறி வருகிறவர்கள் படையில் சேரலாம், இல்லையென்றால் வேறு பிரிட்டிஷ் பகுதியில் சுதந்திரமாகக் குடியேறலாம் என்று அறிவித்திருந்தார். ஏறக்குறைய 4,000 பேர் அப்படிப் போனார்கள், சிலர் பிரிட்டிஷ் படையின் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தங்கள் பழைய எஜமானர்களின் ஊரையே தாக்க வந்தார்கள். வில்லியம்ஸ் இந்தப் பக்கம் நின்றார், அவர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள், தேடியது ஒன்றைத்தான். அமெரிக்கக் குடியரசு அவர்களை என்னவாகப் பார்த்தது என்பதற்குப் போருக்குப் பின் நடந்ததே சாட்சி: ஓடிப்போன 'சொத்து'க்கு ஈடு கேட்டு வாதாடி, 1826-இல் பிரிட்டனிடம் 12 லட்சம் டாலர் வாங்கினார்கள். அந்தப் பணம் எஜமானர்களுக்குத்தான். இந்தப் போரைச் சொல்லும்போது கொடியோடு இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தப்பிப் போனவர்களில் பாதிப் பேர் இன்றைய கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியாவில் குடியேறினார்கள், ஒரு கூட்டம் கரீபியன் தீவான டிரினிடாடுக்குப் போயிற்று. அந்த ஊர்களைப் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.