நாட்டைப் பிரிக்கச் சொல்பவர்தான் சபையில் மூத்தவர்: பிளமொந்தோன் பற்றி ஒரு சண்டை

மார்க்கம்_மதி:
கனடா நாடாளுமன்றத்தில் லூயி பிளமொந்தோன் என்று ஒரு எம்.பி. இருக்கிறார். 1984 செப்டம்பரில் முதல்தடவை வென்றவர், 2025 ஏப்ரலிலும் வென்றார். இடையில் ஒரு தேர்தலிலும் தோற்றதில்லை. புளொக் கெபெக்வா கட்சிக்காரர், அதாவது பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம் தனிநாடாக வேண்டும் என்பவர். 2025 மே மாதம் புதிய சபாநாயகரைத் தெரிவு செய்யும் வாக்கெடுப்பை அவர் முன்னால் இருந்து நடத்தியதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. கனடாவே வேண்டாம் என்பவருக்கு 40 வருடச் சம்பளம், பிறகு ஓய்வூதியம், போதாததற்கு அந்த நாற்காலியும். இது சரி என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

லாவல்_குமரன்:
நான் சொல்கிறேன் அக்கா. அந்த நாற்காலி யாரும் தயவில் கொடுத்தது இல்லை. தொடர்ச்சியாக அதிக காலம் இருக்கும் எம்.பி., அமைச்சராகவோ கட்சித் தலைவர் போன்ற சபைப் பதவியிலோ இல்லாவிட்டால், சபாநாயகர் தேர்தலை நடத்த வேண்டும் என்பது சபையின் விதி. 2008இலிருந்து அவர்தான் நடத்துகிறார். மில்லிகன், ஷீர், ரீகன், ரோட்டா, ஃபெர்கஸ் என்ற சபாநாயகர்கள் எல்லோரும் அவர் நடத்திய வாக்கெடுப்பில் வந்தவர்கள்தான்.

இன்னொன்று. அவர் பிரிவினை பேசித் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போனவரே இல்லை. ஆசிரியராக இருந்தவர், அந்தத் தேர்தலில் பிரதமரான மல்ரோனியின் முற்போக்குப் பழமைவாதக் கட்சியில் நின்று வென்றார். அந்த வருடம் கியூபெக்கின் 75 தொகுதிகளில் 58 மல்ரோனிக்குப் போனது. கியூபெக்கைத் 'தனித்துவமான சமூகம்' என்று அரசியலமைப்பில் எழுதுவதாக 1987இல் மீச் லேக் உடன்பாடு வந்தது. மூன்று வருடத்துக்குள் எல்லா மாகாணங்களும் ஏற்க வேண்டும். 1990 ஜூனில் மனிடோபாவிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் அது செத்தது. அதற்குப் பிறகுதான் புளொக்கைத் தொடங்கிய லூசியன் புஷாரோடு சேர்ந்தார், கட்சியை விட்டு வெளியே வந்தார். உள்ளே இருந்து கேட்டுப் பார்த்தவர், கிடைக்கவில்லை, வெளியேறினார். இதில் என்ன கேவலம்?

மார்க்கம்_மதி:
வெளியேறியது கட்சியை விட்டு மட்டும்தானே தம்பி, ஆசனத்தை விட்டு இல்லையே! மல்ரோனி படத்தைக் காட்டி வாங்கிய வாக்கை வைத்துக்கொண்டு இன்னொரு கொள்கைக்கு எப்படி உட்காரலாம்? பதவி விலகி இடைத்தேர்தலில் நின்றிருக்க வேண்டும். 1993 வரை மக்களிடம் போகவில்லை.

லாவல்_குமரன்:
1993இல் போனார், மக்கள் பதில் சொன்னார்கள். புளொக்குக்கு 54 ஆசனம், பழைய கட்சிக்கு நாடு முழுக்க 2. பிரிவினைக் கட்சி கனடாவின் அதிகாரபூர்வ எதிர்க்கட்சியாகவே உட்கார்ந்தது. கியூபெக் தனிநாடாக வேண்டுமா என்ற 1995 பொதுவாக்கெடுப்பில் 'வேண்டாம்' 50.58 வீதம், 'வேண்டும்' 49.42 வீதம். பாதி மாகாணம் நினைப்பதைச் சபையில் பேச ஒருவரும் இருக்கக்கூடாது என்றால் அவர்கள் வேறு எங்கே போய்ப் பேசுவது?

ஒட்டாவா_வாசகி:
நீங்கள் இருவரும் தேசபக்தியில் நிற்கிறீர்கள். என் குறை வேறு. 40 வருடத்தில் அமைச்சராக இருந்ததில்லை. மல்ரோனி கட்சியில் இருந்த ஆறு வருடமும் பின்வரிசை. அதற்குப் பிறகு, ஆட்சிக்கு வரவே முடியாத ஒரு கட்சி. அடுத்தவர் போடும் சட்டத்துக்கு ஆம், இல்லை சொல்லியே ஒரு ஆயுள் போய்விட்டது. நீண்ட காலம் இருப்பதே ஒரு சாதனையா?

சொரெல்_பக்கத்துவீட்டுக்காரன்:
அந்தத் தொகுதியில் குடியிருப்பவன் என்பதால் கொஞ்சம் எழுதுகிறேன். சொரெல்-திராசியிலிருந்து பெகான்கூர் வரை சென் லோரன் ஆற்றின் தென்கரை. தொழிற்சாலை, பால்பண்ணை, சோளக்காடு, ஒடனாக், வொலினாக் என்ற அபெனாக்கி பூர்வகுடி ஊர்கள். அவர் வந்தபோது தொகுதியின் பெயர் ரிஷெலியூ. இப்போது பெகான்கூர்-நிக்கொலே-சொரெல்-அல்னோபாக். பெயர் நீண்டுகொண்டே போகிறது, ஆள் மாறவில்லை (வாக்குச்சீட்டு அச்சடிப்பவர்தான் பாவம்). இங்கே அவருக்கு வாக்களிக்கிற எல்லோரும் தனிநாடு கேட்பவர்கள் இல்லை. எங்களுக்காக ஒட்டாவாவில் கத்த ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

வாசகி, சாதனை கேட்டீர்கள். 2011இல் புளொக் நாலு ஆசனத்துக்கு விழுந்தது. 12 இல்லாவிட்டால் அதிகாரபூர்வ கட்சி இல்லை. ஆய்வுப் பணம் இல்லை, குழுக்களில் இடம் இல்லை, கேள்வி நேரமும் சொற்பம். அந்த நாலில் ஒருவரைக் கட்சி வெளியேற்றியது, இருவர் விலகினார்கள், 2014இல் மிஞ்சியது இவர். என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) யிலிருந்து தாவி வந்த ஒருவரையும் சேர்த்தால் மொத்தம் இரண்டு பேர். கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

ஒட்டாவா_வாசகி:
2018இல் போனாரே! பத்துப் பேரில் ஏழு பேர் மார்தின் வெலேயின் தலைமை பிடிக்காமல் வெளியேறினார்கள், அதில் அவரும் ஒருவர். அந்தத் தலைவி கேட்டது என்ன? எதற்கெடுத்தாலும் தனிநாட்டைப் பேசுங்கள் என்றுதான். அதற்கே கோபித்துக்கொண்டு போனவரைக் கொள்கைக்காரர் என்கிறீர்கள்.

சொரெல்_பக்கத்துவீட்டுக்காரன்:
தலைவி அந்த ஜூனில் கட்சி வாக்கெடுப்பில் தோற்றுப் பதவியை விட்டார், செப்டம்பருக்குள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஊருக்குத் தேவையானதையும் பேச வேண்டும் என்பதுதான் அந்த ஏழு பேரின் வாதம். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. அடுத்த வருடம் புளொக் 32 ஆசனம் எடுத்தது.

மார்க்கம்_மதி:
எல்லாம் சரி, மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தானே அந்த ஆசனத்தில் உட்காருகிறார்? அந்தச் சத்தியத்துக்கு என்ன மதிப்பு?

லாவல்_குமரன்:
எம்.பி.க்களின் சத்தியத்தில் மன்னர் மட்டும்தான் இருக்கிறார். நாட்டைப் பிரிக்கமாட்டேன் என்று அதில் ஒரு வரியும் இல்லை. அந்த மன்னர் உறவையே வெட்டுவோம் என்று 2022இல் புளொக் வெளிப்படையாகத் தீர்மானம் கொண்டுவந்து 266க்கு 44 என்று தோற்றது. ஒளித்து எதுவும் செய்யவில்லை. ஓய்வூதியக் கதையையும் விடுங்கள். அதற்கு 75 வீதம் என்று மேல்வரம்பு உண்டு, அவர் அதை எப்போதோ தொட்டாயிற்று. காசுதான் குறி என்றால் வீட்டில் இருந்தே வாங்கலாமே?

2023ஐ மறந்துவிட்டீர்கள். நாஸிகளின் வாஃபன் எஸ்எஸ் படையில் இருந்த ஒரு முதியவரை, செலென்ஸ்கி வந்திருந்த நாளில், சபையில் பாராட்டிவிட்டுச் சபாநாயகர் ரோட்டா பதவி விலக வேண்டி வந்தது. அந்த மானக்கேட்டில் சபையை ஒரு வாரம் யாரிடம் ஒப்படைத்தார்கள்? இந்தப் பிரிவினைவாதியிடம்தான். எந்தக் கட்சிக்காரரும் எதிர்க்கவில்லை அக்கா.

மார்க்கம்_மதி:
ஒரு வாரம் மணி அடித்ததற்காக நான் மாலை போடமாட்டேன். என் கவலை அடுத்தது. ஐந்து டொலர் நோட்டில் இருக்கும் முன்னாள் பிரதமர் வில்ஃப்ரிட் லோரியே 1874இலிருந்து 1919இல் இறக்கும்வரை, 45 வருடத்துக்குச் சற்றுக் குறைவாக, சபையில் இருந்தார். இவர் 2029 கோடை வரை இருந்தால் அதையும் தாண்டிவிடுவார், 86 வயதை எட்டும் நேரத்தில். நாட்டை ஒன்றாக வைத்திருக்கப் பாடுபட்ட ஒரு கியூபெக்காரரின் சாதனையைப் பிரிக்க நினைப்பவர் முறிப்பதா? அதற்காகவாவது அந்தத் தொகுதியில் ஒரு நல்ல வேட்பாளரை நிறுத்துங்கள்.

சொரெல்_பக்கத்துவீட்டுக்காரன்:
1988இலிருந்து நிறுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.