கோடை மழையை மூன்று வரி ஹைக்கூவில் பிடிக்கப் போய்…

அரைவரி:
பத்து நிமிடக் கோடை மழை. கொடியில் கிடந்த துணிகளை எடுக்க மாடிக்கு ஓடினேன். கொதிக்கும் சிமெண்டுத் தரையில் முதல் துளி கறுப்பாக ஒரு வட்டம் போட்டது. அடுத்தது விழுவதற்குள் அந்த வட்டம் ஓரத்திலிருந்து வெளிறி, காணாமலே போய்விட்டது. துணியை மறந்து நின்றேன். இரவு எழுதியது:

காய்ந்துவிட்டது முதல் துளி
அண்ணாந்து நிற்கிறேன்
இரண்டாவதற்கு

நண்பர் படித்துவிட்டு, "மண்வாசனையே இல்லையே?" என்றார். நானும் பெரிய மேதை போல, 'மண்ணெல்லாம் மணம்' என்று நான்காவது வரியை ஒட்டிச் சிற்றிதழுக்கு அனுப்பினேன். அச்சிலும் வந்துவிட்டது. அந்த வரி இன்னும் உறுத்துகிறது.

குடைமறந்தவர்:
நண்பர் மீது பழி வேண்டாம், ஒட்டியது நீங்கள். ஆனாலும் சிமெண்டுத் தரையில் ஏது மண்வாசனை? எனக்கும் இப்படி ஒன்று உண்டு. ஆலங்கட்டி மழையை எழுத உட்கார்ந்து, 'முத்து' என்று முடித்தேன். மகள் உள்ளங்கையில் ஒன்றை ஏந்தி வந்து, "முத்து கரையுமா அப்பா?" என்று கேட்டாள். அதன்பின் அந்தக் கவிதையை எடுக்கவே இல்லை.

புழுக்கம்:
மேலே சொன்னது தவறு. மண்வாசனைக்கு மண்தான் வேண்டும் என்றில்லை. 1964-இல் அதற்குப் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்ட ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், காய்ந்த பாறையிலிருந்தே அந்த மணத்தை வடித்தெடுத்தார்கள். அரைவரி தன் மாடியில் அதை மோந்தாரா என்பதே கேள்வி. மோக்காததை எழுதக் கூடாது. அப்புறம், ஹைக்கூ என்றதும் மூன்று வரிக்கும் 5-7-5 அசை என்று எண்ணி விரலை மடக்காதீர்கள். ஜப்பானிய ஒலியலகு வேறு, நம் அசை வேறு. சொல்லைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். மொகாமி ஆற்றில் கோடை மழை சேர்வதை 1689-இல் பாடிய ஜப்பானிய ஹைக்கூக் கவிஞர் பாஷோ, முதலில் 'குளிர்ச்சி' என்று வைத்ததைப் பின்னர் 'வேகம்' ஆக்கினார். ஆறே மாறிவிட்டது! நான்காவது வரியை வெட்டுங்கள். தலைப்பு வைக்காதீர்கள். ஆச்சரியக்குறி கூடவே கூடாது.

அரைவரி:
நான் யோசனை கேட்கவில்லையே. அச்சானதை எங்கே போய் வெட்டுவது? ஆச்சரியக்குறி நீங்களே ஒன்று போட்டிருக்கிறீர்கள். மோந்தேனா என்றால், இல்லை. துணியின் சோப்பு மணம்தான் வந்தது.

ஈரத்தாள்:
சண்டைக்கு நடுவே என்னுடையது. பஸ் ஜன்னலோரம், திடீர் மழை. கையில் தாள் இல்லாமல் டிக்கெட்டின் பின்புறம் மூன்று வரி எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். இறங்கி நடந்ததில் தொப்பலாக நனைந்துவிட்டேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் எல்லாம் நீலமாகக் கரைந்து, 'அதற்குள்' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. எதற்குள் என்று இன்றுவரை நினைவு வரவில்லை.