மக்களாட்சியைவிட மேலான ஆட்சிமுறை இருக்கவே முடியாதா?

கேள்வி: வழிப்போக்கன்

மக்களாட்சியைக் குறைகூறத் தொடங்கினாலே, கூறுபவர் சர்வாதிகாரத்தின் ஆதரவாளர் என்று முடிவுகட்டிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அம்முடிவுக்கு விரையாமல் இக்கேள்வியைப் படிக்க வேண்டுகிறேன். கொடுங்கோலாட்சியைவிட மக்களாட்சி மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைவிட மேலானதொன்று இருக்கவே முடியாது என்று எந்த அடிப்படையில் சொல்கிறோம்?

என் தயக்கத்துக்கு முதற்காரணம் முடிவெடுப்பவர்களின் தகுதி. கி.மு. 406இல் அர்ஜினுசே கடற்போரில் வென்ற ஏதென்ஸ் தளபதிகள், மூழ்கிய கப்பல்களிலிருந்த தம் வீரர்களைப் புயலிலிருந்து மீட்கத் தவறினார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டார்கள். தனித்தனி விசாரணைகூட இல்லாமல், மக்கள் மன்றத்தின் ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அவர்களில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். பின்னர் அதே மக்கள் மனம் வருந்தி, தம்மைத் தவறாக வழிநடத்தியவர்கள் மீது வழக்குத் தொடுக்கத் தீர்மானித்தார்கள். அதனால் இறந்தவர்கள் எழுந்து வரவில்லை. மறு ஆண்டே ஏகோஸ்பொடாமிப் போரில் ஏதென்ஸ் தன் கடற்படையை ஏறக்குறைய முழுவதுமாக இழந்தது. அறுவை சிகிச்சையை வாக்கெடுப்பு நடத்திச் செய்யாத நாம், அதனினும் சிக்கலான அரசாட்சியை மட்டும் ஏன் அப்படி நடத்துகிறோம்?

இரண்டாவது காரணம் விளைவுகள். ஒரே கட்சி தொடர்ந்து ஆண்டுவரும் சிங்கப்பூரும், 1987இல் மக்களாட்சிக்கு மாறுவதற்கு முற்பட்ட தென்கொரியாவும் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் வறுமையிலிருந்து மீண்டன. இதுவரை முயன்று பார்த்தவற்றில் மக்களாட்சியே தீமை குறைந்தது என்ற பழகிய விடை எனக்குப் போதவில்லை. முயன்று பாராதவற்றைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

பதில்: ஏட்டுச்சுவடி

யார் ஆள வேண்டும் என்று கேட்டால் அறிவுள்ளவர், அறமுள்ளவர், திறமையுள்ளவர் என்றுதான் எவரும் சொல்வார்கள். அதன்பின் மக்களாட்சி தோற்றுப்போவதில் வியப்பில்லை. மெய்யியலாளர் கார்ல் பாப்பர் 1945இல் அந்தக் கேள்வியையே மாற்றச் சொன்னார். தீய அல்லது திறமையற்ற ஆட்சியாளர்கள் பெருங்கேடு விளைவிக்காமலிருக்க, இரத்தம் சிந்தாமல் அவர்களை நீக்க, அரசை எப்படி அமைப்பது என்பதே அவருடைய கேள்வி. இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் தங்களுடைய இரண்டு காரணங்களும் வேறுவிதமாகத் தெரியும்.

சிங்கப்பூரைத் தனியே எடுத்துக் காட்டுவது, பரிசுச்சீட்டு வாங்கியவர்களில் வென்றவரை மட்டும் பேட்டி காண்பதைப் போன்றது. இடி அமீனின் உகாண்டாவும், சர்வாதிகாரி மொபுட்டு 1965 முதல் 1997 வரை சூறையாடிய சயீரும் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதே குவியலில்தான் இருக்கின்றன. நல்ல சர்வாதிகாரி வாய்ப்பார் என்பதற்கோ, வாய்த்தவர் நல்லவராகவே நீடிப்பார் என்பதற்கோ, அவருக்குப் பின் வருபவரும் அப்படியே இருப்பார் என்பதற்கோ உத்தரவாதம் தரும் ஏற்பாடு எதுவும் அந்த முறைக்குள் இல்லை.

தகுதியைப் பற்றிய தங்கள் வாதத்தையும் ஒரு பெருந்துயரத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். சீனாவில் 1958இல் உற்பத்தியை விரைந்து பெருக்க மாவோ வகுத்த பெரும் பாய்ச்சல் என்ற திட்டம் தொடங்கியபோது, மேலிடத்தை மகிழ்விக்க விரும்பிய, அல்லது மேலிடத்துக்கு அஞ்சிய, உள்ளூர் அதிகாரிகள் விளைச்சலைப் பன்மடங்கு கூட்டிக் காட்டினார்கள். அந்தப் பொய்க்கணக்கை அடிப்படையாகக் கொண்டே அரசு தானியத்தைக் கொள்முதல் செய்தது. உழவர்களின் வீடுகளில் உணவு தீர்ந்துகொண்டிருந்த 1959ஆம் ஆண்டிலும் தானிய ஏற்றுமதி தொடர்ந்தது. அந்த ஆண்டு லூஷான் மாநாட்டில் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய், நிலைமை சரியில்லை என்று மாவோவுக்குத் தனிப்பட்ட முறையில் கடிதம் எழுதினார். அவர் பதவி நீக்கப்பட்டார். அவரைப் போல் பேசியவர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அதன்பின் உண்மையைச் சொல்ல எவரும் துணியாததால் பஞ்சம் மேலும் கொடியதாயிற்று. இறந்தோர் தொகை ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை மதிப்பிடப்படுகிறது. திறமையாளர்களுக்கு அங்கே குறைவிருக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது மேலே போய்ச் சேருவதற்கு வழியில்லை, சேர்ந்தாலும் ஆட்சியாளரைப் பணியவைக்கும் வலிமை அதற்கில்லை.

தேர்தலும் சுதந்திரமான பத்திரிகைகளும் இயங்கும் நாட்டில் பெரும்பஞ்சம் ஏற்பட்டதில்லை என்று பொருளியலாளர் அமர்த்திய சென் கூறியது இந்த வேறுபாட்டைத்தான். அன்றாடப் பட்டினியையும் ஊட்டக்குறைவையும் மக்களாட்சி தானாகவே தீர்த்துவிடும் என்று அவர் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பதில்: அரைக்காற்புள்ளி

ஏட்டுச்சுவடி அவர்கள் கூறியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் கேள்வி கேட்டவர் முயன்று பாராதவற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அதற்கு விடை வரவில்லை.

அறிவுக்கேற்ப வாக்கின் எடையைக் கூட்டலாம் என்பது பழைய யோசனைதான். ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இல் படித்தவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் வழங்கலாம் என்று வாதிட்டார். ஏட்டளவில் அது நியாயமாகவே தோன்றும். ஆனால் தகுதித் தேர்வு என்றால் வினாத்தாளை ஒருவர் எழுதியாக வேண்டும், விடைத்தாளை ஒருவர் திருத்தியாக வேண்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாக்காளராகப் பதிய விரும்பிய கறுப்பின மக்கள் எழுத்தறிவுத் தேர்வுகளால் தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டார்கள். யாரைத் தேர்ச்சியடையச் செய்வது என்பது உள்ளூர்ப் பதிவு அலுவலரின் விருப்பமாக இருந்தது. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம்தான் அதற்கு முடிவுகட்டத் தொடங்கியது. அறிஞர் ஆட்சி என்ற யோசனையை இந்த ஒரு நிகழ்வுக்காகவே நான் ஏற்கமாட்டேன்.

மாறாக, குலுக்கல் முறை அதிகம் பேசப்பட வேண்டியது என்று கருதுகிறேன். ஏதென்ஸின் ஐந்நூற்றுவர் மன்றம் சீட்டுக் குலுக்கித்தான் அமைக்கப்பட்டது. தேர்தல் சிலராட்சிக்கு உரியது, குலுக்கலே மக்களாட்சிக்கு உரியது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் விவரிக்கும் குடவோலை முறையும் குலுக்கல்தான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் இடம்பெற முடியாது என்ற விதி இன்றும் வியக்கவைக்கிறது. (சொந்த நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் இடமிருந்தது என்பதை, பெருமை பேசுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.) நம் காலத்தில் அயர்லாந்து 2016இல் 99 குடிமக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, கருக்கலைப்புத் தடை உள்ளிட்ட சிக்கல்களை நிபுணர்களின் உதவியோடு ஆராயச் செய்தது. அரசியல்வாதிகள் பல்லாண்டுகள் தொடத் தயங்கிய அத்தடையை நீக்குமாறு அம்மன்றம் பரிந்துரைத்தது; 2018இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஆதரித்தார்கள். வாக்காளர் அறியாதவர் என்ற குற்றச்சாட்டுக்கு, அவருக்கு நேரமும் தகவலும் கொடுத்துப் பார்க்கலாம் என்பதே என் விடை. ஆனால் குலுக்கலில் வந்தவரை எவரும் வாக்களித்து வீட்டுக்கு அனுப்ப முடியாது. பாப்பரின் அளவுகோலில் இம்முறை அந்த இடத்தில் தடுமாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதில்: எதிர்க்கரை

நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை மேலே எவரும் கேட்கவில்லை. சுவிட்சர்லாந்தைவிட அடிக்கடி மக்களைக் கேட்டு முடிவெடுக்கும் நாடு இல்லை. அங்கே 1959இல் பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை வழங்கலாமா என்று ஆண்களிடம் கேட்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1971இல்தான் அதே ஆண்கள் இசைந்தார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலம் அதற்குப் பிறகும் தன் உள்விவகாரங்களில் பெண்களை அனுமதிக்க மறுத்தது. 1990இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தலையிட்டே அது மாறியது. தவறைத் திருத்தும் பொறி உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே வேலை செய்கிறது, வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு நீதிபதிகள் தேவைப்படுகிறார்கள் என்றால், எந்த ஆட்சிமுறையைச் சிறந்தது என்று பாராட்டுகிறோம்? மக்களாட்சியையா, அதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டையா?

அந்தப் பொறியையே கழற்றி எறியவும் முடியும். 1932 நவம்பர்த் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது 33.1 விழுக்காடு. பெரும்பான்மை இல்லாமலேயே ஹிட்லர் 1933 ஜனவரி 30இல் பிரதமராக நியமிக்கப்பட்டார். மார்ச் 23இல், நாடாளுமன்றம் இல்லாமலேயே சட்டமியற்ற அவருடைய அரசுக்கு உரிமை தந்த அதிகாரமளிப்புச் சட்டம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட வாக்குகளோடு நிறைவேறியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் வரவிடாமல் தடுக்கப்பட்டிருந்தார்கள். எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே. ஜூலைக்குள் வேறு கட்சியே இல்லை. எந்தப் பெரும்பான்மையாலும் மாற்றமுடியாத சில பிரிவுகளை 1949ஆம் ஆண்டின் ஜெர்மன் அரசியலமைப்பு வைத்துக்கொண்டது இதை அனுபவித்ததால்தான்.

பதில்: வழிப்போக்கன்

மூவருக்கும் நன்றி. தகுதியைப் பற்றிய என் வாதம் ஏட்டுச்சுவடி அவர்களின் பதிலுக்குப் பிறகு வலுவிழந்துவிட்டது. ஆனால் எதிர்க்கரை அவர்களின் கேள்விக்கு விடை வேண்டும். அத்துடன், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இன்னும் பிறக்காதவர்கள். இன்றைய கடனையும் கரிமப் புகையையும் சுமக்கப்போகும் அவர்களால் எந்த ஆட்சியையும் நீக்க முடியாது.

பதில்: ஏட்டுச்சுவடி

அப்பென்செல் வழக்கில் நீதிமன்றம் மக்களுக்கு எதிராகத் தன் அறத்தைத் திணித்துவிடவில்லை. ஆணும் பெண்ணும் சமம் என்ற பிரிவை 1981இல் சுவிஸ் வாக்காளர்களே, பெண்களும் சேர்ந்து வாக்களித்த பொதுவாக்கெடுப்பில், அரசியலமைப்பில் சேர்த்திருந்தார்கள். நீதிபதிகள் அதைத்தான் அந்த மாநிலத்துக்கும் பொருத்தினார்கள். ஆகவே கட்டுப்பாட்டையும் மக்களாட்சியையும் எதிரெதிரே நிறுத்த நான் விரும்பவில்லை. நிதானமாக எடுத்த முடிவை அவசரத்தில் எடுத்த முடிவிலிருந்து காக்கும் ஏற்பாடு என்றே அதைக் கருதுகிறேன். முதல் கதவைத் திறக்க உள்ளே இருந்த ஆண்களின் இசைவுக்காக 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இந்த விளக்கம் மறைத்துவிடாது. ஹிட்லருக்கு முன்பிருந்த ஜெர்மனியின் வைமார் குடியரசைப் பொறுத்தவரை எதிர்க்கரை அவர்களோடு எனக்கு வாதம் இல்லை.

பிறக்காதவர்களைப் பற்றிய கேள்விக்கு இப்போதிருக்கும் எந்த ஆட்சிமுறையிடமும் முழு விடை இல்லை. மன்னர்களும் தம் பேரப்பிள்ளைகளின் காலத்துக்குக் கடன் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஃபின்லாந்து நாடாளுமன்றம் 1993 முதல் எதிர்காலத்துக்கென ஒரு குழுவை வைத்திருக்கிறது. வேல்ஸ் 2015இல் வருங்காலத் தலைமுறையினரின் நலனுக்காகச் சட்டமியற்றி ஓர் ஆணையரையும் அமர்த்தியது. இவற்றால் ஆராயவும் அறிவுரை கூறவும் முடியும். அரசு எடுத்த முடிவை இவற்றால் தடுத்து நிறுத்த முடியாது.